பலகைக் கணினிக்கு வீட்டில் இடமுண்டா?

ஒரு வீட்டின் கதையை எழுதப் புகுவோர் வீட்டார் பெயர்களை மட்டும் எழுதினாற் போதாது. எந்த ஆண்டில் எந்தப் பொருள் அவ்வீட்டினுள் நுழைந்தது என்பதையும் எழுதுதல் வேண்டும். அம்மியும் உரலும் எப்பொழுது வந்தன என்று எவரும் கேட்பதில்லை. அவை வீட்டோடு பிறந்தவை. தையல் இயந்திரமோ அவ்வாறன்று. ‘சிங்கர்’ நிறுவனம் 1877ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. அதன் பின்னர் எத்தனையோ குடும்பங்கள் மாதந்தோறும் தவணைப் பணம் கட்டித் தையல் இயந்திரம் வாங்கின. பிள்ளைகளின் பாடசாலைச் சட்டைகளை வீட்டிலேயே தைத்துக்கொண்டன. 1925ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 1979இல் தொலைக்காட்சி வந்தது. பின்னர் குளிர்சாதனப் பெட்டி, மின்சாரச் சோற்றுப்பானை, கைத்தொலைபேசி என ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்கள் வந்து சேர்ந்தன.

வந்த பொருள்கள் யாவும் நிலைத்துவிடவில்லை. ஒரு காலத்தில் ஊரே கூடிநின்று பார்த்த வீடியோ ‘டெக்’ இன்று அலுமாரியின் மேலே தூசி படிந்து கிடக்கின்றது. ஒலிநாடாப் பெட்டியின் கதியும் அதுவே. நிலைத்த பொருளுக்கும் நிலையாத பொருளுக்கும் உள்ள வேற்றுமை யாது? விலையன்று, அழகுமன்று. வேறெந்தப் பொருளாலும் அத்துணை நன்றாகச் செய்ய இயலாத ஒரு வேலையை நாள்தோறும் செய்து தரும் பொருளே வீட்டில் இடம்பெறுகின்றது. ஏனையவை சில காலம் விருந்தினராயிருந்து விடைபெறுகின்றன.

இந்த உரைகல்லில் இன்று நாம் உரைத்துப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள், மக்கள் வாயில் ‘டெப்’ என்று வழங்கும் பலகைக் கணினி. கைத்தொலைபேசியினும் பெரிது, மடிக்கணினியினும் சிறிது, விசைப்பலகை அற்றது, விரலாலே தொட்டு இயக்கப்படுவது. பெற்றோர் பலர் நம்மிடம் வந்து, “ஐயா, பிள்ளைக்கு ஒரு டெப் வாங்கிக் கொடுக்கலாமா?” என்று கேட்கின்றனர். ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியன்று அது. ஆதலின் அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பலகை பிறந்த கதை

பலகைக் கணினி திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று. 1972ஆம் ஆண்டிலேயே அலன் கே என்னும் அமெரிக்க அறிஞர், பிள்ளைகள் கையில் ஏந்திப் படிக்கவும் எழுதவும் தக்க ஒரு கணினியைக் குறித்து ஆய்வுரை எழுதினார். ‘டைனாபுக்’ என்பது அவர் அதற்கிட்ட பெயர். அக்காலத்துத் தொழில்நுட்பத்தால் அதனைச் செய்து முடிக்க இயலவில்லை. எனினும், கணினி என்றால் ஓர் அறையை அடைத்து நிற்கும் இயந்திரம் என்று உலகம் எண்ணியிருந்த நாளில், அது பிள்ளையின் புத்தகப் பையினுள் அடங்க வேண்டும் என்று ஒருவர் கனவு கண்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவருக்கும் முன்னரே அதுபோன்றதொரு கனவைக் கண்டவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டு, 2008ஆம் ஆண்டில் கொழும்பிலே காலமான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அவர்களே அவர். 1968இல் வெளிவந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் அவருடைய நாவலில், விண்வெளிப் பயணி ஒருவர் ‘நியூஸ்பேட்’ என்னும் பலகையில் உலகத்துச் செய்தித்தாள்களையெல்லாம் படித்துக்கொண்டு செல்கின்றார். அப்பலகையின் அளவு புல்ஸ்கேப் தாளின் அளவு என்று கிளார்க் எழுதியுள்ளார். 2011இல் அப்பிள் நிறுவனத்துக்கும் சம்சுங் நிறுவனத்துக்கும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபொழுது, இத்தகைய வடிவம் அப்பிளுக்கு மட்டுமே உரியதன்று என்பதற்குச் சான்றாக, அதே பெயர் கொண்ட திரைப்படத்தின் காட்சியைச் சம்சுங் முன்வைத்தது. கதாசிரியரின் கற்பனை வழக்கறிஞரின் ஆவணமாயிற்று!

2010ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் ‘ஐபேட்’ என்னும் பலகையை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அன்று அவர் மேடையில் எழுப்பியதும் நம் தலைப்பிலுள்ள கேள்வியே. கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் இருக்கையில் இடையே மூன்றாவது பொருளுக்கு இடமுண்டா என்று அவர் வினவினார். சில வேலைகளையேனும் அவ்விரண்டினும் சிறப்பாகச் செய்தாலன்றி அதற்கு இடமில்லை என்றும் தாமே வரையறுத்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் விற்பனை தொடங்கிய முதல் நாளிலேயே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பலகைகள் விற்பனையாயின.

ஆயினும் அந்த வேகம் நீடிக்கவில்லை. 2014ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்ட உலகப் பலகை விற்பனை பின்னர் இறங்குமுகமாயிற்று. கைத்தொலைபேசியின் திரை ஆண்டுதோறும் வளர்ந்து பலகையின் இடத்தை ஒருபுறம் பறித்தது. மடிக்கணினி மெலிந்து மறுபுறம் பறித்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வீடுகளே வகுப்பறைகளானபொழுதுதான் பலகை மீண்டும் தேடப்பட்டது. செல்வந்த நாடுகளிலேயே மூன்றாவது பொருளின் நிலை இவ்வாறு ஊசலாடுகின்றது.

நமது கேள்வி வேறு

நிற்க, இனி நம் ஊருக்கு வருவோம். கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கம்பளைக்குச் செல்லும் பாதையில் உள்ளது கெலிஓயா. மகாவலி கங்கையும் புகையிரதப் பாதையும் துணைவர, மலைச்சரிவுகளின் நடுவே அமைந்த சிறிய பட்டினம். கடைவீதியில் தமிழும் சிங்களமும் ஒருங்கே ஒலிக்கும். காலையில் கண்டிக்கும் பேராதனைக்கும் வேலைக்குச் செல்வோர் பேருந்துக்குக் காத்து நிற்பர். அவர்கள் சட்டைப் பையில் ஒரு கைத்தொலைபேசி இருக்கும். ஆனால் அவர்களுடைய வீட்டில் மடிக்கணினி இருக்குமா?

இலங்கையில் மேசைக்கணினியோ மடிக்கணினியோ உள்ள வீடுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றே என்பது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகளால் அறியப்பட்டதாகும். தோட்டப்புறங்களில் அத்தொகை இன்னும் மிகக் குறைவு. ஸ்டீவ் ஜொப்ஸ் எழுப்பிய கேள்வி, இரண்டும் உள்ள வீட்டாரை நோக்கியது. நம் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் இரண்டாவது பொருளே இல்லை. எனவே பலகை இங்கு மூன்றாவதாக வந்து கதவைத் தட்டவில்லை. இரண்டாவதாக வந்து தட்டுகின்றது. மேல்நாட்டுப் பத்திரிகைகளில் “பலகை வீண்” என்று எழுதுவோர் கூற்றை நாம் அப்படியே ஏற்க முடியாமைக்கும், “பலகை இன்றிக் கல்வியே இல்லை” என்று விளம்பரம் செய்வோர் கூற்றை நாம் நம்ப முடியாமைக்கும் இதுவே காரணம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது இந்த உண்மை வெட்டவெளிச்சமாயிற்று. பாடங்கள் ‘வட்ஸ்அப்’ வழியாகவும் ‘ஸூம்’ வழியாகவும் வந்தன. வீட்டில் இருந்ததோ ஒரு கைத்தொலைபேசி. படிக்கும் பிள்ளைகளோ இருவர் மூவர். ஊரடங்கு தளர்ந்து தந்தை வேலைக்குப் புறப்பட்டதும் அந்த ஒன்றும் அவருடன் புறப்பட்டுவிடும். மாலையில் அவர் திரும்பும் வரை காலைப் பாடம் காத்திருக்கும். திரும்பிய பின்னும், பரீட்சைக்கு நிற்கும் மூத்த பிள்ளைக்கே முதல் உரிமை. தரம் 6இல் படிக்கும் தம்பிக்கு உறக்கம் வந்த பின்னரே முறை வரும். 2021ஆம் ஆண்டில் ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ என்னும் சிற்றூரில் ஆசிரியரும் மாணவரும் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே நடந்து பாறை உச்சியில் அமர்ந்து படித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். சமிக்ஞை இல்லாத மலைக்குப் பலகை எந்த மருந்தும் அன்று. தொலைபேசிக்கு எட்டாத அலை பலகைக்கு மட்டும் எட்டிவிடாது. பலகை தீர்க்கக்கூடிய குறைகள் இரண்டே. ஒன்று, கைத்தொலைபேசி வீட்டை விட்டு வெளியே செல்லும் பொருள். பலகை வீட்டில் தங்கும் பொருள். மற்றொன்று, பக்கத்தின் அளவு.

பக்கத்தின் அளவு

இரண்டாவது குறையை ஓர் அளவுகோல் கொண்டே அளந்துவிடலாம். வினாத்தாளும் பாடக்குறிப்பும் அச்சிடப்படும் ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். திரையின் மூலைவிட்டம் 6.5 அங்குலமுள்ள கைத்தொலைபேசியின் அகலம் ஏறக்குறைய 68 மில்லிமீற்றர். தாளை முழுமையாகத் திரையிற் காண வேண்டுமாயின் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகின்றது. பன்னிரண்டு புள்ளி அளவில் அச்சான எழுத்து நான்கு புள்ளியாகிவிடுகின்றது. மருந்துப் போத்தலில் ஒட்டிய தாளிலுள்ள எழுத்தினும் அது சிறிது.

முதல் ஐபேட்டின் திரை 9.7 அங்குலம், அதன் அகலம் 148 மில்லிமீற்றர். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வரும் ஏ5 தாளின் அகலமும் 148 மில்லிமீற்றரே. பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தின் அளவு என்று ஏறக்குறையச் சொல்லலாம். அதே பன்னிரண்டு புள்ளி எழுத்து இதில் எட்டுப் புள்ளிக்கு மேல் நிற்கும். கண்ணுக்கு வருத்தமின்றிப் படிக்கலாம்.

“விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படிக்கலாமே!” என்பர் சிலர். படிக்கலாம். ஆனால் அப்பொழுது ஒரு வரியின் தலை தெரிந்தால் வால் தெரியாது. வரைபடம் தெரிந்தால் அதன் விளக்கம் தெரியாது. தமிழுக்கு இதில் தனித்த இடர்ப்பாடும் உண்டு. ‘கல்’ என்பதற்கும் ‘கல’ என்பதற்கும் இடையே நிற்பது ஒரு புள்ளி மாத்திரமே. பழைய நூலை ஒளிப்படம் எடுத்துச் சுருக்கும்பொழுது முதலில் மறைவது அப்புள்ளியே. கணிதத்தில் அடுக்குக்குறியும் இரசாயனவியலில் மூலக்கூற்றுச் சூத்திரத்தின் சிற்றெண்ணும் அவ்வாறே மறைகின்றன. கைத்தொலைபேசியைப் பார்த்து வினாவைப் பிரதிசெய்த மாணவர் அடுக்குக்குறியைத் தவறவிட்டு, வேறொரு கணக்குக்குச் சரியான விடை எழுதி வந்ததை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். அப்பிள்ளைகள் அறியாமையால் தவறியவர் அல்லர், காணாமையால் தவறியவர்.

படிப்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்பீராயின், பெருஞ்செல்வமே இருக்கின்றது. 1980ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கப்பட்டு வரும் அரசாங்கப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்திலும் வைத்துள்ளது. கல்வியமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் உள்ளன. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை தமிழ் நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழரின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துப் பாதுகாத்து, எவரும் படிக்கத் திறந்து வைத்துள்ளது. மலையக எழுத்தாளர் பலரின், இன்று கடையிற் கிடைக்காத நூல்களை அங்கே காணலாம்.

கெலிஓயாவிலுள்ள தமிழ் மாணவர் ஒருவர் இத்தகைய நூல்களைத் தேடிக் கண்டிக்குப் பேருந்தேறி டீ. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்துக்குச் சென்றாலும், அவை யாவும் அங்கு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. படம்பிடித்த பக்கங்களைப் படிப்பதற்குப் பக்க அளவான திரை வேண்டும். ஒருமுறை இறக்கிச் சேமித்துவிட்டால் பின்னர் சமிக்ஞையும் வேண்டுவதில்லை. நல்ல சமிக்ஞை உள்ள இடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவிட்டால் ஒரு தவணைக்குரிய நூல்களைச் சேமித்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியாலும் இயலாத, விலையுயர்ந்த மடிக்கணினியாலும் மடியில் வைத்துச் சுகமாகச் செய்ய இயலாத ஒரு வேலை உண்டென்றால் அது இதுவே. கிளார்க் தம் கதையில் புல்ஸ்கேப் தாளின் அளவைத் தேர்ந்தது வெறும் கற்பனையன்று.

பலகையால் ஆகாதவை

ஒரு பொருளின் சிறப்பைக் கூறுபவர் அதன் குறையைக் கூறாது விடுதல் வணிகர் செயல், ஆசிரியர் செயலன்று. எனவே மறுபக்கத்தையும் பார்ப்போம்.

முதலாவது, எழுத்து. நம் நாட்டில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் பேனாவால் எழுதப்படுகின்றன. மூன்று மணி நேரம் ஓயாது எழுதக் கைக்குப் பழக்கம் வேண்டும். கண்ணாடித் திரையில் விரலால் தட்டும் பழக்கம் அங்கு உதவாது. நீண்ட கட்டுரையைப் பலகையில் தட்டுவதோ பெருஞ் சிரமம். அதற்கு மடிக்கணினியே ஏற்றது. தகவல் தொழில்நுட்பத்தைப் பாடமாக எடுக்கும் மாணவர்க்கும் பல்கலைக்கழகம் புகுவோர்க்கும் நாம் மடிக்கணினியையே கூறுவோம். புதிது வாங்க இயலாவிடின் நல்ல நிலையிலுள்ள பழையதாயினும் நன்று.

இரண்டாவது, வாசிப்பின் ஆழம். திரையில் படிப்பதையும் தாளில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தவர்கள் 2018இல் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வாய்வுகளிற் பங்குபற்றியோர் ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். தாளில் படித்தோரே நன்கு விளங்கிக்கொண்டனர் என்பதும், நேரக்கட்டுப்பாட்டுடன் பாடநூல் போன்ற செய்திகளைப் படிக்கும்பொழுது இவ்வேற்றுமை மிகுந்தது என்பதும் அவர்கள் கண்டவை. ஆகவே கையில் அச்சுப் புத்தகம் இருக்கையில் அதனை மூடிவைத்துவிட்டுத் திரையில் படித்தல் அறிவுடைமையன்று. புத்தகம் இல்லாத இடத்தை நிரப்புவதே பலகையின் கடமை. இருக்கும் புத்தகத்தின் இடத்தைப் பறிப்பது அன்று.

மூன்றாவது, பொருளை வழங்கினால் கல்வி தானே வந்துவிடும் என்னும் மயக்கம். பெரு நாட்டில் கிராமப்புறத்து 319 பாடசாலைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறு கணினி வழங்கப்பட்ட பாடசாலைகளிலும் கணிதத்திலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒவ்வொரு மாணவருக்கும் ஐபேட் வழங்க 2013இல் தொடங்கிய பெருந்திட்டம் அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்டது. திரைகளை முந்திக்கொண்டு வகுப்பறைக்குள் கொணர்ந்த சுவீடன் நாடு, 2023இல் அச்சுப் பாடநூல் வாங்கப் பாடசாலைகளுக்குத் தனி நிதி ஒதுக்கியது. நம் நாட்டிலும் உயர்தர மாணவர்க்குப் பலகை வழங்கும் முன்மொழிவு 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. பலத்த விவாதத்துக்கு உள்ளாகி நாடளாவிய முறையில் நிறைவேறாமலே போயிற்று. தமிழ்நாட்டில் 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கே பலகைகளை வழங்கினர். மாணவர் கையில் கொடுப்பதற்கு முன் ஆசிரியர் கையில் கொடுத்த அம்முறை சிந்திக்கத்தக்கது.

விலையும் ஆயுளும்

இனி, குடும்பத் தலைவியின் கணக்கைப் பார்ப்போம். மின்சாரச் செலவைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. முதல் ஐபேட்டின் மின்கலம் 25 வாற்று மணி கொள்ளளவுடையது. அதனை முழுமையாக நிரப்பினால் பத்து மணி நேரம் வேலை செய்யும். 700 வாற்றுச் சோற்றுப்பானை அரை மணி நேரத்தில் 350 வாற்று மணி மின்சாரத்தை உட்கொள்கின்றது. ஒரு வேளைச் சோறு சமைக்கும் மின்சாரத்தால் பலகையைப் பத்து நாளுக்கு மேல் நிரப்பலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தில், இத்தகைய சிறு மின்கலத்தின் அருமை உணரப்பட்டது. அதே மாதத்தில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. தாளும் இல்லை, மின்சாரமும் இல்லை என்ற அந்நாளில், முதல்நாள் நிரப்பிவைத்த பலகை விளக்காகவும் புத்தகமாகவும் நின்றது.

அஞ்ச வேண்டியது விலைக்கே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. சில மாதங்களில் அது 360 ரூபாவை எட்டியது. 150 டொலர் விலையுள்ள பலகை, வரியும் இலாபமும் சேர்க்கு முன்னரே, 30,000 ரூபாவிலிருந்து 54,000 ரூபாவாயிற்று. பொருள் மாறவில்லை, பணம் மெலிந்தது. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இதில் அடங்கும்.

அவ்வளவு கொடுத்து வாங்கும் பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும்? இங்கேதான் தையல் இயந்திரத்துக்கும் பலகைக்கும் பெரிய வேற்றுமை. பாட்டி தைத்த இயந்திரத்தில் பேத்தியும் தைக்கலாம். பலகைக்கோ இரண்டு ஆயுள்கள் உண்டு. ஒன்று மின்கலத்தின் ஆயுள்: லித்தியம் மின்கலம் சில நூறு தடவை நிரப்பி இறக்கியதும் சோர்வடையும், வெப்பம் அதனை விரைவிற் கெடுக்கும். மற்றொன்று மென்பொருளின் ஆயுள்: 2010இல் வந்த முதல் ஐபேட்டுக்கு 2012இலேயே புதிய இயங்குதளம் மறுக்கப்பட்டது. கருவி உடையவில்லை, ஆனால் புதிய செயலிகள் அதனுட் புக மறுத்தன. எனவே வாங்குவோர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இதற்கு இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பிப்புக் கிடைக்கும்?” என்பதாகும். நிறம் எதுவென்று பின்னர் கேட்கலாம்.

மிக மலிவு என்று மயங்குதலும் ஆகாது. இந்தியாவில் 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘ஆகாஷ்’ என்னும் பலகை மாணவர்க்காக வெளியிடப்பட்டது. மானியம் போக 35 டொலர் என்ற விலை உலகையே வியக்கவைத்தது. ஆனால் அதன் திரை விரலுக்கு விரைந்து இசையவில்லை. மின்கலம் நெடுநேரம் தாங்கவில்லை. நோக்கம் உயர்ந்தது, கருவி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. படிக்க அமர்ந்த பிள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் காத்திருக்க நேர்ந்தால் பலகையை மூடிவிட்டு வேறு விளையாட்டைத் தேடும்.

யாருக்கு, எவ்வாறு?

இவற்றையெல்லாம் தூக்கிப் பார்த்து நாம் கொள்ளும் முடிவு இதுவாகும்.

நல்ல மடிக்கணினியும் பெரிய திரையுள்ள கைத்தொலைபேசியும் ஏற்கெனவே உள்ள வீட்டுக்குப் பலகை தேவையில்லை. அப்பணத்தில் நூல்களை வாங்குக. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை அழுகின்றது என்பதற்காகப் பலகை வாங்க எண்ணுவோரும் அவ்வெண்ணத்தை விடுக. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்றும், அதனினும் குறைவாயின் நன்று என்றும் கூறுகின்றன. குழந்தைக்கு வேண்டியது தாயின் மடி; கண்ணாடித் திரையன்று.

மடிக்கணினி இல்லாத வீட்டில், சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ படிக்கும் பிள்ளை ஒருவரேனும் இருந்து, கடன்படாது வாங்கும் வசதியும் இருக்குமாயின், ஒரு நடுத்தரமான பத்து அங்குலப் பலகை தன் இடத்தைத் தானே உழைத்துப் பெறும் என்பது நம் கருத்து. அவ்வீட்டில் முதியோர் இருப்பின் பயன் இரட்டிக்கும். கண்ணொளி மங்கிய பாட்டனார் எழுத்தைப் பெரிதாக்கிச் செய்தித்தாள் படிப்பார். மத்திய கிழக்கில் பணிபுரியும் தாயின் முகத்தை உள்ளங்கையளவு திரையில் மாறி மாறிப் பார்த்த பிள்ளைகள், பலகையைச் சுற்றி ஒன்றாக அமர்ந்து பேசுவர். இவை பாடத்திட்டத்தில் இல்லாதவை. ஆயினும் வீட்டுக்கு வேண்டியவை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இம்முடிவு முழுவதும் அதன்மேலேயே நிற்கின்றது. பலகை ஒருவருக்குரிய பொருளாகாது வீட்டுக்குரிய பொருளாக இருத்தல் வேண்டும். மூத்த மகனின் கையில் சென்று அறைக்கதவு மூடப்பட்ட கணமே அது மற்றொரு கைத்தொலைபேசியாகிவிடும். விளையாட்டும் வேடிக்கைக் காட்சியும் அதனை விழுங்கிவிடும். வீட்டில் தங்குவதால்தான் அது இடம்பெற்றது. அந்தத் தங்கும் குணத்தை இழந்தபின் அதற்கு வீட்டில் என்ன உரிமை?

ஆதலின் சில சிறு ஒழுங்குகளைப் பெற்றோர்க்குக் கூறுகின்றோம். பலகைக்கு நடுக்கூடத்தில் ஓர் இடம் குறித்துவிடுக. அங்கேயே எடுக்க வேண்டும், அங்கேயே திருப்பி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நேரம் வகுத்துக் கொடுக்கையில் இளையவனுக்கும் பங்கு தருக. பாடம் படிக்கையில் அருகில் கொப்பியும் பேனாவும் இருத்தல் வேண்டும். படித்ததைக் கையால் எழுதுவதே நெஞ்சில் நிறுத்தும் வழி. வேண்டிய நூல்களை இறக்கியபின் படிக்கும் வேளையில் இணையத்தை நிறுத்திவிடுக. நம் மலைப்பகுதியில் இடி மின்னல் வேளையில் மின்னிணைப்பில் விட்டுவைத்தல் ஆகாது. வெயில் படும் யன்னலோரத்திலும் வைக்க வேண்டா. வாங்கும் அன்றே ஒரு நல்ல உறையும் வாங்குக. அதன் விலை உடைந்த திரையின் விலையை நோக்கச் சிறிதாகும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். வீட்டார் பல மாதம் சேமித்து ஒரு பலகையை வாங்கி வைப்பாராயின், அதில் நீங்கள் பார்த்த காட்சிகளை எவரும் எண்ணப் போவதில்லை. படித்து முடித்த நூல்களையே எண்ணுவர். ஒரு தவணையில் மூன்று நூல்களை, அதுவும் நம் கடைகளிலும் நூலகங்களிலும் கிடைக்காத மூன்று நூல்களை, முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை அதிற் படித்து முடியுங்கள். அம்மூன்றின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் அக்கொப்பியை எடுத்துப் பெற்றோரிடம் காட்டுங்கள். அப்பொருளுக்கு வீட்டில் இடமுண்டா இல்லையா என்பதற்கு அதனினும் தெளிவான விடை வேறில்லை.